கெட்டில் கொதிக்க நூறு சிமிட்டல்

மனிதர்களில் யூனிட்டுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் இல்லை. நீங்கள் ஆசை ஆசையாகப் புது மிக்ஸி வாங்கிவந்து மேசைமேல் வைத்து, வீட்டிலுள்ள எல்லோரும் நிறம் எப்படி, ஜார் எத்தனை, சத்தம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளிச் சீட்டில் எத்தனை வாட் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பாரே, அவர்தான். படித்து முடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சின்ன 'ச்' கொட்டுவார். அவ்வளவுதான். உங்கள் மிக்ஸியின் கதை அன்றோடு முடிந்தது.

இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் காசு மிச்சமானால் போதும், பேசாமல் படுத்துத் தூங்கிவிடுவார். யூனிட்டுக்காரருக்கு எவ்வளவு மிச்சமானது என்று தசமப் புள்ளியோடு தெரிய வேண்டும், தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், அந்த நாலு பேரும் வாயைப் பிளக்க வேண்டும். இன்னொரு விசேஷம், இந்த ரகத்தின் கண்ணில் பெரிய சாமான் எதுவும் படாது. இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ், மணிக்கணக்கில் தண்ணீர் ஏற்றும் மோட்டார், தன் ஒரு குளியலுக்காக நாற்பது நிமிடம் கொதிக்கும் குளியலறை ஹீட்டர், இவற்றின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். டோஸ்டர், முட்டை அவிக்கும் டப்பா, ஒரு கைப்பிடி காபிக்கொட்டை அரைக்கும் மெஷின், இந்த மாதிரி வாயில்லாப் பூச்சிகளிடம்தான் வீரமெல்லாம். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "அது வேற கணக்கு" என்பார். இந்த மூன்று சொற்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

பேச்சை வளர்ப்பானேன், ஆளையே காட்டிவிடுகிறேன். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாவது மாடி. நேரில் எல்லோரும் 'சார்' என்பார்கள், முதுகு திரும்பியதும் 'மீட்டர்' என்பார்கள். வேலை, பஸ் டிப்போவில் டயர் ஸ்டோர். எந்த பஸ்ஸுக்கு எந்த டயர் போனது, எத்தனை நட்டு, எத்தனை போல்ட்டு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பவர். அந்த ஸ்டோரில் பட்டப்பகலில் முப்பது டியூப்லைட் எரியும். போன வருடம் ரிட்டயரான குமாஸ்தாவின் காலி நாற்காலிக்குச் சுவர் ஃபேன் ஒன்று இன்னமும் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. மீட்டர் அதன் கீழேதான் தினமும் நடக்கிறார், ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அது வேற கணக்கு.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். இருபத்தாறு கட்டில், இருபத்தாறு மணி, யார் அடித்தாலும் ஓட வேண்டும். காலை ஐந்து நாற்பதுக்கு பஸ். நாலரைக்கு எழுந்து, குளித்து, சமைத்து மூடிவைத்து, ஐந்து மணிக்கு ஒரு டீயோடு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தால் ஐந்தரை வரை அந்த அரைமணி அவளுடையது. அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இது மீட்டருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் தெரியாது, ஏனென்றால் அந்த அரைமணிக்கு வாட் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்குள் கெட்டில் வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு வார்டில் இருந்தவர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது. சிவப்பு நிறம். ஒரு லிட்டர் பிடிக்கும். கூடவே ஒரு வாழ்த்து அட்டை, அதில் பதினோரு கையெழுத்து. சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்தாள்.

"எத்தனை வாட்?" என்றார் மீட்டர்.

"பதினோரு பேர் சேர்ந்து குடுத்தாங்க."

கவிழ்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ஆயிரத்து ஐந்நூறு."

பிறகு அந்த 'ச்'.

"அடுப்புல பால் பொங்குதா, தீ அணைஞ்சுதான்னு நிக்க வேண்டாங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கலாம், அதுவா அணைஞ்சிரும்" என்றாள் அவள். கேட்கிற நிலையில் அவர் இல்லை. மனசுக்குள் ஏற்கெனவே முப்பதால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிசோதனை நடந்தது. இந்த ரகத்தின் சடங்குகளில் இதுதான் உச்சம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்தாயிற்று. ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கியாயிற்று. கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றப் போனார், கல்லூரிக்குப் போகும் மகள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவளைக் கெட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நோட்டும் பேனாவுமாக இரண்டு மாடி இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் எல்லா வீட்டு மின் மீட்டர்களும் வரிசையாக இருக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஆயிரம் சிமிட்டினால் ஒரு யூனிட்.

"போடு" என்று கத்தினார்.

"போட்டாச்சு" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். எதிரே கீழ்வீட்டுக் கதவைத் திறந்து தையல்கார அம்மா எட்டிப்பார்த்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள், தனி ஆள், விடிவதற்கு முன்பே மெஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

"என்னண்ணே, கரண்ட் போயிருச்சா?"

மீட்டர் கையைக் காட்டி வாயை மூடச் சொன்னார். அதற்குள் எண்ணிக்கை அறுபத்தொன்றா அறுபத்திரண்டா என்று குழம்பிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாவது தடவை மேல்மாடிப் பையன்கள் தடதடவென்று இறங்கினார்கள். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது தடவைதான் சுத்தமாக வந்தது. நாலு நிமிடம், நூறு சிமிட்டல். மாலை ஐந்து மணிக்கு ஐஸ்கிரீம் எடுக்கப்போன மகள், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கிரீம் தானாகவே நடந்து வெளியே வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். ப்ளக்கைச் செருக மறந்துபோயிருந்தது. பால் திரிந்துவிட்டது, மீனைக் கொட்ட வேண்டியதாயிற்று. அதெல்லாம் எவ்வளவு ஆச்சு என்று அவள் கேட்டாள். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"ஒரு தடவை முழு கெட்டில் கொதிச்சா பாயின்ட் ஒன் யூனிட். யூனிட் அஞ்சு ரூபா. அப்ப அம்பது காசு. மாசத்துக்கு பதினஞ்சு ரூபா."

"பதினஞ்சு ரூபாய்க்காப்பா மீன் போச்சு?"

"இன்னிக்கு அம்பது காசும்மா. இருபது வருஷத்துக்கு எவ்வளவு, யோசிச்சியா?"

யூனிட்டுக்காரரின் பெரிய ஆயுதம் இந்தப் பெருக்கல்தான். எதையும் இருபது வருடத்தால் பெருக்கிப் பாருங்கள், மலையாகத்தான் தெரியும். நீங்கள் தலைவாருகிற நேரத்தை இருபது வருடத்தால் பெருக்கினால் மொட்டை அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

"முழுசா எதுக்கு ரொப்பற?" என்று மனைவியைக் கேட்டார். "குடிக்கிறது ஒரு கப்பு."

"ரெண்டு கப்பு குடிப்பேன். மிச்சத்த ஃபிளாஸ்க்குல ஊத்தி வார்டுக்கு எடுத்துட்டுப் போவேன்."

"அங்க வெந்நீர் போட கரண்ட் இல்லியா?"

"இருக்கு. நேரந்தான் இல்ல."

அவர் அதைக் குறித்துக்கொண்டார், அதாவது கரண்ட் இருக்கிறது என்ற பாதியை மட்டும். மறுநாள் மகளின் நகப்பூச்சை எடுத்து கெட்டிலின் உள்பக்கம் ஒரு கப் அளவுக்கு ஒரு கோடு போட்டார். கோட்டுக்குமேல் தண்ணீர் கூடாது. ஒரு கப்புக்கு நாற்பத்தெட்டு விநாடி போதும். கெட்டில் 'டக்' என்று தானாக அணைகிறவரை விட்டால் கடைசிப் பத்து விநாடி வீண், ஆகவே பக்கத்திலேயே நின்று கையால் அணைக்க வேண்டும். இதையெல்லாம் எண் போட்டு ஒரு தாளில் எழுதி, கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா? காலை ஐந்து மணிக்கு சுவிட்ச் சத்தம் கேட்டதும், படுத்த வாக்கிலேயே எண்ணிக்கொண்டிருந்து, "நாப்பத்தெட்டு" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். அவள் அணைப்பாள். முக்காலியில் உட்காருவதா, நிற்பதா? நின்றாள். நின்றுகொண்டே ஒரு கப்பைக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒருநாளும் சண்டை போடவில்லை. இருபத்தாறு கட்டில்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டப் போகிறவளுக்கு இருபத்தேழாவதாக ஒருவரோடு மல்லுக்கட்டத் தெம்பு வேண்டாமா?

கீழே போய்ச் சிமிட்டலை எண்ணி முழங்கால் வலி வந்துவிட்டதால், ப்ளக்கில் செருகும் ஒரு சின்ன அளவுமானியை வாங்கினார் மீட்டர். கெட்டிலை அதன் வழியாகப் போட்டால் எத்தனை யூனிட் என்று திரையில் காட்டும். அதன் விலைக்கு அந்தக் கெட்டிலை ஒன்பது வருடம் கொதிக்க விட்டிருக்கலாம். "அந்தத் திரை எரியறதுக்கு எவ்வளவு கரண்ட்ப்பா?" என்று மகள் கேட்டாள். இரண்டு நாள் அவர் முகமே சரியில்லை.

ஆனால் நோட்டில் எழுதத் தொடங்கியதும் முகம் தெளிந்துவிட்டது. கோடு போடுவதற்கு முந்திய வாரத்துக்குத் தன் கணக்குப்படியே தினமும் 0.1 என்று எழுதினார், கோடு போட்டபின் திரையில் 0.02 வந்தது. பிறகு ஒருநாள் காலையில் திரையைப் பார்த்தார். 0.00. மறுநாளும் 0.00. அளவுமானி பழுதோ என்று டோஸ்டரைச் செருகிப் பார்த்தார், நன்றாக ஓடியது. அப்படியானால் எண் பொய் சொல்லவில்லை. அவள் டீயையே விட்டுவிட்டாள்! மூன்று வாரம் வரிசையாகப் பூஜ்யம். சிவப்புப் பேனாவால் ஒரு படம் வரைந்தார், கோடு மலையிலிருந்து இறங்கித் தரையில் படுத்துக்கொண்டது. டிப்போவுக்கு எடுத்துப்போய், முப்பது டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா டிரைவர்களுக்கும் காட்டினார்.

"வீட்டுக்காரி திருந்திட்டாய்யா" என்றார். "நாம எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா கேப்பாங்க."

அவள் ஏன் டீயை விட்டாள், விட்டவள் ஐந்து மணியிலிருந்து ஐந்தரைவரை எங்கே போகிறாள் என்ற கேள்வி அந்த மனுஷனுக்குத் தோன்றியதா? எப்படித் தோன்றும், பூஜ்யத்தைப் பார்த்த கண்ணுக்கு.

மாதம் முடிந்தது. முதல் தேதி காலை, படிக்கட்டில் யாரும் குறுக்கே வருவதற்கு முன் மொத்த ரீடிங் எடுத்துவிட வேண்டும் என்று ஐந்தேகாலுக்கு நோட்டோடு படியிறங்கினார். மீட்டர்களுக்கு எதிரே தையல்கார அம்மாவின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். அடக்கிக்கொள்ளாமல், மூச்சு வாங்க, நடுவில் இருமல் வந்து மறுபடியும் சிரிக்கிற சிரிப்பு. யாரோ விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு எண்களை எழுதினார். கடைசி எண்ணை எழுதும்போதுதான் பேனா நின்றது. அது தன் மனைவியின் சிரிப்பு.

கதவருகே போய்ப் பார்த்தார். துணி வெட்டும் மேசை ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்டிய துணி மூட்டைமேல் காலை நீட்டியிருந்தாள். இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, பதினேழாவது கட்டில் பெரியவர் தன் பல்செட்டைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கடன் கொடுத்துவிட்டு, டாக்டர் வந்ததும் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தையல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவில் ஒரு பழைய கெட்டில். மூடி இல்லை. ஆவி குபுகுபுவென்று மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யூனிட்டுக்காரர் என்ன செய்வார் என்று தெரியும்.

"மூடி இல்லாம கொதிச்சா அது ஆஃப் ஆகாதும்மா. சும்மா ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"ஓடட்டும்ண்ணே" என்றாள் தையல்கார அம்மா. "பேசி முடிக்கிற வரைக்கும் சூடா இருக்குல்ல."

அவர் மனைவி பாதி டீயைக் கீழே வைத்தாள், செருப்பை மாட்டினாள், பையை எடுத்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. பஸ் ஐந்து நாற்பதுக்கு. நிறுத்தம் எதிர்ச்சாரியில், இரண்டு நிமிட நடை. கழித்தல் கணக்கு கேட்காமலே போட்டுக்கொள்ளும் மண்டை அல்லவா, உடனே விடை வந்துவிட்டது. பதினெட்டு நிமிடம். தன்னோடு இங்கே இருப்பதைவிட, பதினெட்டு நிமிடம் இருட்டில் தனியாக பஸ் நிறுத்தத்தில் நிற்பது மேல் என்று போகிறாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விடை அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

"எப்படித்தான் சிரிக்க வைக்கிறாங்களோ உங்க சிஸ்டர்" என்றாள் தையல்கார அம்மா. குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். "வீட்லயும் இப்படித்தானா?"

அவர் நோட்டை மடக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கீழ போறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஜீரோ ஜீரோன்னு சந்தோஷமா எழுதிட்டு இருந்தீங்க." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "அது வேற கணக்கு போலன்னு விட்டுட்டேன்."

பெற்ற பெண் சொன்னால் தனி ருசி. அன்று டிப்போவில் அவர் பதினாறு அங்குல டயர் கேட்டவனுக்கு இருபது அங்குலம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். நகப்பூச்சுக் கோட்டை நகத்தாலேயே சுரண்டி எடுத்தார், அளவுமானியைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டார். கெட்டிலை வாய்வரை ரொப்பி, ஐந்து மணிக்குச் சுவிட்சைப் போட்டு, இரண்டு கப்பை எடுத்துவைத்தார். சமைத்து மூடிவைத்துவிட்டு உடை மாற்றப் போனவள் வெளியே வந்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். கெட்டில் 'டக்' என்று அணைந்தது. ஃபிளாஸ்க் எடுக்கவாவது திரும்பி வருவாள் என்று, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ரொப்பி இன்னொரு தடவை போட்டார். வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே இரண்டு தடவை. மூன்றாம் நாளும், நாலாம் நாளும். கீழேயிருந்து சிரிப்பு மட்டும் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

ஐந்தாம் நாள் மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். நாலு நிமிடம் ஆயிற்று, கொதித்தது, அணையவில்லை. மொத்தம் பதினோரு நிமிடம் ஓடியது. ஆவி கூரையைத் தொட்டு, சுவர் வியர்த்து, சன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அவர் முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையோடு வாசல்வரை போனவள் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னங்க இது. மூடி தொறந்து கெடக்கு, ஆஃப் ஆகாம ஓடுது."

"ஓடட்டும்."

அவர் எழுந்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், சுவிட்சை அணைத்தாள், இரண்டு கப்பிலும் டீ போட்டாள். ஒன்றை அவரிடம் நீட்டும்போது, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அஞ்சு நாளா போட்டுப் போட்டு வெக்கறீங்களே. மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"தெரியல" என்றார் மீட்டர்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். இன்னும் ஒரு மிடறு குடித்தாள். அப்புறம் காலை நீட்டிக்கொண்டு, "பதினேழாம் கட்டில்ல ஒரு பெரியவரு இருக்காருங்க" என்று ஆரம்பித்தாள்.

அந்த 'தெரியல' பச்சைப் பொய். தெரியாமல் இருக்குமா அவருக்கு? மூன்று தசமம்வரை தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் மனைவிக்கு அவர் செய்த பெரிய செலவு, அந்த எண்ணை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதுதான்.

அந்த எண் என்ன என்று நானும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. நாலு நாள், நாளைக்கு இரண்டு தடவை, ஐந்தாம் நாள் பதினோரு நிமிடம் என்று படித்துக்கொண்டே வந்தபோது, உங்கள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விடை சரிதான், கவலைப்படாதீர்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இன்று காலை உங்கள் வீட்டில் இருப்பவர்கள் டீயை எங்கே குடித்தார்கள் என்று மட்டும் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.